மங்கள வார்த்தைக் காட்சியை இடைக்கால ஜெபப் புத்தக முறையில் தீட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டு முதல் 16ஆம் நூற்றாண்டு வரை, வசதியுள்ள ஒரு குடும்பத்தில் ஒரே ஒரு புத்தகம் இருந்தால் அது பெரும்பாலும் ஜெபப் புத்தகமாகத்தான் இருக்கும். மடங்களில் துறவிகள் நாளுக்கு எட்டு வேளை பாடிவந்த ஜெபங்களைச் சுருக்கி, வீட்டில் இருப்பவர்கள் தனியாகச் சொல்லும்படி தொகுத்த புத்தகங்கள் இவை. நேர ஜெபப் புத்தகங்கள் என்று சொல்லலாம். அந்தக் காலத்துக் கையெழுத்துப் புத்தகங்களில் இன்று மிக அதிகமாக எஞ்சியிருக்கும் வகையும் இதுதான். ஒவ்வொரு வேளை ஜெபமும் தொடங்கும் பக்கத்தில் ஒரு சிற்றோவியம் இருக்கும். தங்கமும் நீலமும் மின்னும் அந்தச் சின்னச் சதுரங்களை எப்படித் தீட்டினார்கள், அவற்றில் ஒன்றான மங்கள வார்த்தையை, அதாவது இயேசு பிறக்கப்போவதைத் தூதர் கபிரியேல் மரியாளுக்கு அறிவிக்கும் காட்சியை, நாம் எப்படித் தீட்டலாம் என்பதுதான் இந்த வழிகாட்டி.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். இது சுவரில் மாட்டும் படம் இல்லை. கையில் பிடித்து, முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் வைத்து, ஜெபம் சொல்லிக்கொண்டே பார்க்கும் படம். அளவு, தங்கம், கோடு, முகம் என்று கீழே வரும் எல்லா முடிவுகளும் இந்த ஒரு காரணத்திலிருந்துதான் பிறக்கின்றன. அதை மறந்துவிட்டுத் தீட்டினால் நல்ல அலங்காரம் கிடைக்கும், ஜெபப் புத்தகப் பக்கம் கிடைக்காது.

எந்தக் காட்சி, எந்த ஜெபத்துக்கு

காட்சியை ஓவியர் தன் விருப்பப்படி தேர்ந்தெடுக்கவில்லை. மரியன்னையின் நேர ஜெபத்துக்கு ஓரளவு நிலைத்த ஒரு வரிசை இருந்தது. விடியலுக்கு முந்தைய ஜெபத்துக்கு மங்கள வார்த்தை, காலைப் புகழுக்கு மரியாள் எலிசபெத்தைச் சந்திப்பது, முதல் மணிக்குக் கிறிஸ்து பிறப்பு, மூன்றாம் மணிக்கு இடையர்களுக்கு வானதூதர் அறிவிப்பது, ஆறாம் மணிக்கு மூன்று ஞானியர், ஒன்பதாம் மணிக்குக் குழந்தையைக் கோயிலில் காணிக்கையாக்குவது, மாலைக்கு எகிப்துக்கு ஓடிப்போவது, இரவு முடிவுக்கு மரியன்னை முடிசூட்டப்படுவது. ஊருக்கு ஊர், பட்டறைக்குப் பட்டறை சில மாற்றங்கள் உண்டு. பாவத்துக்கு மனம் வருந்தும் ஏழு சங்கீதங்களின் தொடக்கத்தில் தாவீது ராஜா முழந்தாளிட்டிருப்பார். இறந்தோருக்கான ஜெபத்தில் அடக்கச் சடங்கோ யோபுவோ வருவது வழக்கம்.

நாம் எடுத்துக்கொள்வது முதல் காட்சி, மங்கள வார்த்தை. அதற்குக் கீழே வரும் ஜெபம் ‘தோமினே லாபியா மேயா அப்பேரியெஸ்’ என்று லத்தீனில் தொடங்கும். ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும் என்ற சங்கீத வரி அது. தமிழில் திருப்புகழ்மாலை சொல்லும் குருக்களும் கன்னியரும் இன்றும் ஒவ்வொரு நாளையும் இதே வரியில்தான் தொடங்குகிறார்கள். வாய் திறப்பதற்கான வேண்டுதலும், மரியாளிடம் தூதர் வாய் திறந்து சொல்லும் முதல் வார்த்தையும் ஒரே பக்கத்தில் சேர்கின்றன. தீட்டுவதற்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் எண்ணம்.

கை வைக்கும் முன் கண்ணால் படியுங்கள்

அவசரப்படாமல் சில நாள் படங்களைப் பாருங்கள். பெரிய நூலகங்கள் பலவும் தங்கள் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக இணையத்தில் வைத்திருக்கின்றன. கீழே சொல்லும் நான்கைப் பார்த்தாலே போதும்.

நியூயார்க்கின் குளோய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும், பிரான்சின் ராணி ழான் த எவ்ரோவின் ஜெபப் புத்தகம் முதலாவது. 1324க்கும் 1328க்கும் இடையில் ழான் ப்யுசெல் தீட்டியது. பக்கத்தின் உயரம் 9 சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம், அகலம் 6 சென்டிமீட்டர் சொச்சம். உள்ளங்கையில் அடங்கிவிடும். இதில் மங்கள வார்த்தைப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். படத்துக்குக் கீழே உள்ள ‘டி’ எழுத்தின் வயிற்றுக்குள் ராணியே முழந்தாளிட்டு ஜெபப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். பெரும்பாலும் சாம்பல் நிறச் சாயலிலேயே உருவங்களை உருட்டித் திரட்டி, வேறு வண்ணங்களைத் தொட்டும் தொடாமலும் விட்டிருக்கிறார் ஓவியர். வண்ணம் குறைவாக இருந்தாலும் ஆழம் வரும் என்பதற்கு இதுவே பாடம்.

இரண்டாவது, பிரான்சின் ஷாந்தீயி நகரில் கோந்தே அருங்காட்சியகத்தில் உள்ள ‘த்ரே ரிஷ் எர்’ என்ற ஜெபப் புத்தகம். பிரான்சின் பெரி கோமகனுக்காக போல், ஹெர்மான், ழான் என்ற லிம்பர்க் சகோதரர்கள் மூவரும் 1412 வாக்கில் தொடங்கினார்கள். 1416இல் கோமகனும் இறந்தார், சகோதரர் மூவரும் இறந்தார்கள். வேலை பாதியில் நின்று, 1480களில் ழான் கொலோம்ப் முடித்து வைத்தார். நீல வண்ணத்தின் உச்சம் என்னவென்று அறிய இந்தப் புத்தகம்.

மூன்றாவது, நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் உள்ள கிளீவ்ஸ் கேத்தரினின் ஜெபப் புத்தகம், 1440 வாக்கில் நெதர்லாந்தில் உருவானது. ஓரச் சட்டங்களில் சிப்பி, மீன், பட்டாம்பூச்சி, நாணயம் எல்லாம் வரிசையாக வரும். நான்காவது, ழான் ஃபூக்கே 1450களில் எத்தியேன் ஷெவாலியேவுக்காகத் தீட்டியது. ஆடை மடிப்புகளில் தங்கத்தால் மெல்லிய கோடுகளை இழுத்து ஒளி காட்டும் வித்தையை இவரிடம் கற்கலாம்.

வேலையின் படிநிலைகளைப் பார்க்க வேண்டுமானால் பாதியில் நின்ற புத்தகங்களைத் தேடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் உள்ள டூஸ் அப்போகலிப்ஸ் 1260களின் இறுதியைச் சேர்ந்தது. ஜெபப் புத்தகம் இல்லை, திருவெளிப்பாட்டு நூல். ஆனால் ஒரு பக்கத்தில் வெறும் கோட்டோவியம், இன்னொன்றில் தங்கம் மட்டும், மற்றொன்றில் அடிவண்ணம் வரை என்று வேலை அப்படியே உறைந்து நிற்கிறது. எது முன், எது பின் என்ற சந்தேகத்தை அந்தப் பக்கங்களே தீர்த்து வைக்கும்.

தேவையான பொருள்கள்

அன்று பக்கம் என்றால் தோல்தாள்தான். கன்று, ஆடு, செம்மறியின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறை வடிவக் கத்தியால் சுரண்டிக் காயவைப்பார்கள். பார்ச்மென்ட் எனப்படும் இந்தத் தோல்தாளை இப்போதும் தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள், விலை அதிகம். நம் ஊரில் மேளத்துக்குக் கட்டும் தோல் இதற்கு ஒத்துவராது, வழவழப்பு போதாது. முதல் முயற்சிக்கு, முழுப் பருத்தியால் ஆன, சூடாக அழுத்தி வழவழப்பாக்கிய 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள் போதும். சொரசொரப்பான தாள் வேண்டாம், நுண்கோடு உடையும்.

தங்கத்துக்கு 23 காரட் தங்க ரேக்கு வாங்குங்கள். தஞ்சாவூர் ஓவியத்துக்கு விற்கும் ரேக்கு கத்தரியால் வெட்டும் அளவுக்குக் கனமானது. அது இந்த வேலைக்கு ஆகாது. இங்கே வேண்டியது மூச்சுப் பட்டாலே பறக்கும் மெல்லிய ரேக்கு, மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு கனம் இருந்தாலே போதும். 1400 வாக்கில் ஓவியக் கலை பற்றி எழுதிய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி, ஒரு டுக்காட் பொன் நாணயத்திலிருந்து 100 ரேக்குதான் எடுக்க வேண்டும், ஆனால் 145 வரை எடுக்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்கிறார். ரேக்கு மெலிந்தால் மெருகு குறையும் என்பது அவர் கவலை. அதனால்தான் நாம் பின்னால் இரண்டு அடுக்கு போடுகிறோம்.

வண்ணத்தில் உடல்நலத்தைப் பார்க்க வேண்டும். அன்றைய ஓவியர்கள் பயன்படுத்திய ஈய வெள்ளை, சாதிலிங்கம், அரிதாரம், ஈயச் செந்தூரம் எல்லாமே நஞ்சு. வீட்டில் அவற்றை அரைக்காதீர்கள். டைட்டானியம் வெள்ளை, நாப்தால் சிவப்பு, எலுமிச்சை மஞ்சள், மஞ்சள் காவி, பச்சை மண், விரிடியன், பழுப்புக்கு அம்பர், கருப்புக்கு விளக்குக் கரி ஆகியவை தரமான குவாஷ் வண்ணமாக (நீரில் கரையும், ஒளி ஊடுருவாத வண்ணம்) கிடைக்கும். எதைப் பயன்படுத்தினாலும் தூரிகையை வாயில் வைத்து நுனி கூர்மையாக்கும் பழக்கம் வேண்டாம்.

நீலத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். உயர்ந்த நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளில் வெட்டிய லாபிஸ் லாசுலி கல்லிலிருந்து வந்தது. வெறுமனே அரைத்தால் சாம்பல் பூத்த நீலம்தான் கிடைக்கும். மெழுகு, பைன் பிசின் முதலியவற்றோடு கல் தூளைப் பிசைந்து, சாம்பல் காரநீருக்குள் வைத்துப் பிசையப் பிசைய நீலம் மட்டும் இறங்கி அடியில் படியும். முதலில் இறங்குவது மிக உயர்ந்தது, கடைசியில் வருவது வெறும் சாம்பல். மரியாளின் மேலாடைக்கு இந்த நீலத்தை ஒதுக்கினார்கள் என்றால், கையில் இருந்த விலையுயர்ந்த பொருளை அவளுக்குக் கொடுத்தார்கள் என்று பொருள். இதே நீலத்தைச் செயற்கையாகச் செய்த அல்ட்ராமரீன் 1820களில் பிரான்சில் வந்தபின் இந்த நிறம் எல்லோருக்கும் எட்டியது. உங்களுக்கும் அதுவே போதும். வசதியிருந்தால் மேலாடையின் கடைசிப் பூச்சுக்கு மட்டும் உண்மையான லாபிஸ் நீலம் கொஞ்சம் வாங்குங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

சிவப்புகளில் ஒன்று நம் பக்கத்திலிருந்து போனது. ரோஜா நிறத்துக்கும் கருஞ்சிவப்புக்கும் அவர்கள் பயன்படுத்திய சப்பான் மரக்கட்டை (பதங்கக் கட்டை), இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் கப்பலேறியது. கேரளத்தின் கொல்லத்துச் சரக்குக்கு இத்தாலிய வணிகர்களிடம் தனிப் பெயரே இருந்தது. அரக்குச் சிவப்பும் அவுரி நீலமும்கூட இந்தியாவிலிருந்து போயின. சப்பான் சீவலைக் கொதிக்கவைத்து வடித்து, படிகாரமும் சுண்ணத்தூளும் சேர்த்தால் நிறம் தூளாகப் படியும். வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஆனால் வெயிலில் வெளிறும், மூடி வைக்கும் புத்தகத்துக்குத்தான் அது சரி.

மைக்கு நாட்டு மருந்துக் கடைக்குப் போங்கள். மாசிக்காய், அன்னபேதி, கருவேலம் பிசின் மூன்றும் அங்கேயே கிடைக்கும். இடைக்கால ஐரோப்பாவின் கருப்பு மை அடிப்படையில் இதுதான். எடையில் 3:2:1 விகிதம். இடித்த மாசிக்காயை ஒரு வாரம் நீரில் ஊறவைத்து வடிகட்டி, அன்னபேதியைக் கலந்து, கடைசியில் கரைத்த பிசினைச் சேருங்கள். எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் பட்டபின் கருக்கும்.

இவை போக: 000, 0, 2 எண் கொண்ட கொலின்ஸ்கி தூரிகைகள், அகேட் மெருகுக்கல் ஒன்று (அன்று நாயின் பல்லையும் பயன்படுத்தினார்கள்), கூரான கத்தி, வழவழப்பான கிளாசின் தாள், உருப்பெருக்கிக் கண்ணாடி.

படி 1: பக்கத்தைப் பிரிப்பது

தாளை 18 × 13 சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள். பார்ச்மென்ட் என்றால் மிக மெல்லிய பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) தூளால் தேய்த்து எண்ணெய்ப் பசை நீக்கி, தூளை நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஓவியத்துக்கு 9 × 6 அளவில், மேல் விளிம்பு வளைந்த ஒரு சட்டம். அதற்குக் கீழே நான்கு வரி எழுத. வெளிப்பக்க ஓரமும் கீழ் ஓரமும் உள் ஓரத்தைவிட அகலமாக இருக்கட்டும். கட்டை விரல் படும் இடம் அதுதான். வரிக்கோடுகளை இளஞ்சிவப்பு மையில் மெல்லியதாக இழுங்கள். அழிக்க வேண்டாம், அசல் புத்தகங்களிலும் அவை அப்படியே இருக்கின்றன.

படி 2: எழுத்து

படத்துக்கு முன்பே எழுத்து வந்துவிடும். எழுத்தர் எழுதி, படத்துக்கு இடம் விட்டுக் கொடுப்பார். சங்கீத வரியைத் தமிழிலேயே எழுதலாம். அப்படியானால் முதல் எழுத்தான ‘ஆ’வை இரண்டு வரி உயரத்துக்குப் பெரிதாக விட்டு, அதன் சுழிக்குள் தங்கமும் கொடியும் வைக்க இடம் ஒதுக்குங்கள். எழுத்தில் பிழை வந்தால் பார்ச்மென்டில் கத்தியால் மெல்லச் சுரண்டித் திருத்தலாம். தாளில் அது முடியாது, அதனால் வேறு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 3: வரைவு

தூதர் கபிரியேல் இடப்பக்கம், மரியாள் வலப்பக்கம். வாசிப்பவரின் கண் இடமிருந்து வலமாகப் போகிறது, செய்தியும் அதே திசையில் போகும். கபிரியேலின் கையில் ஒரு சுருள், அதில் ‘ஆவே கிராசியா ப்ளேனா’ என்றோ, ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’ என்றோ எழுதலாம். இருவருக்கும் நடுவில் ஒரு குடுவையில் லீலி மலர். மேல் மூலையிலிருந்து ஒளிக்கதிரில் இறங்கும் புறா.

மரியாளின் முன்னால் ஒரு வாசிப்பு மேசை, அதில் திறந்த புத்தகம். இதை விட்டுவிடாதீர்கள். ஜெபப் புத்தகத்தைத் திறந்த பெண் ஒருத்தி, தன்னைப் போலவே புத்தகம் திறந்து ஜெபித்துக்கொண்டிருக்கும் மரியாளைப் பார்க்கிறாள். அவள் ஜெபத்துக்கு நடுவில்தான் தூதர் வருகிறார். அன்றைய ஓவியர்கள் இந்த இணைப்பை அறிந்தே செய்தார்கள். வியன்னாவில் இருக்கும் பர்கண்டி மேரியின் ஜெபப் புத்தகத்தில் ஒரு சீமாட்டி சன்னலோரம் புத்தகம் வாசிக்க, சன்னலுக்கு வெளியே தேவாலயத்தில் மரியன்னை அமர்ந்திருக்கும் படம் உண்டு. வாசிக்கும் செயலே காட்சிக்குள் போகும் கதவாகிவிடுகிறது.

புதிதாக உருவம் வரையத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். பட்டறைகளில் மாதிரி வரைவுகளை நகலெடுத்துத்தான் வேலை நடந்தது. எண்ணெய் தடவி ஒளி ஊடுருவும்படி செய்த மெல்லிய தோலை வைத்து நகலெடுக்கும் முறையைச் சென்னினி விவரிக்கிறார். டிரேசிங் தாளில் எடுத்து மாற்றுங்கள். பென்சிலை மிக லேசாக ஓட்டி, அதன் மேல் நீர்த்த பழுப்பு மையால் கோட்டை உறுதி செய்து, பென்சிலை அழித்துவிடுங்கள்.

முகத்தின் உயரம் 8 முதல் 10 மில்லிமீட்டர். அதைவிடச் சிறிதானால் முகபாவம் வராது, பெரிதானால் காட்சிக்குள் அறையும் இடமும் நெருக்கப்பட்டுவிடும்.

படி 4: தங்கம்

வண்ணத்துக்கு முன்பு தங்கம். ரேக்கு, வண்ணத்திலுள்ள பிசினில் ஒட்டிக்கொள்ளும், மெருகுக்கல் பட்டால் வண்ணம் தேய்ந்துபோகும். இந்த வரிசையை மாற்றினால் மற்ற எல்லாமே கெடும்.

மெருகேறிய தங்கம் ஒரு சாந்தின் மேல்தான் நிற்கும். அது காகிதத்திலிருந்து சற்றே எழும்பி, குவிந்து, ஒளியைப் பிடிக்க வேண்டும். செய்முறை இது: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை நிறைய நீரில் கொட்டி, இறுகாதபடி முதலில் ஒரு மணி நேரம் விடாமல் கிளறுங்கள். பிறகு ஒரு மாதம் தினமும் கிளறி, தெளிந்த நீரை மாற்றிவாருங்கள். அப்போது அது இறுகும் குணத்தை இழந்து வெண்ணெயாகிவிடும். காய்ந்தபின் அதில் 8 பங்கு, வெள்ளை நிறமி 3 பங்கு (அன்று ஈய வெள்ளை, இன்று டைட்டானியம் வெள்ளைத் தூள்), சர்க்கரை 1 பங்கு, மீன் பசை 1 பங்கு. நிறத்துக்கு ஒரு சிட்டிகை ஆர்மீனியச் செம்மண், கிடைக்காவிட்டால் சலித்த காவி. கண்ணாடிப் பலகையில் கொஞ்சம் நீர் விட்டு நெடுநேரம் அரைத்து, சின்னச் சின்ன வில்லைகளாகத் தட்டிக் காயவைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஒரு மாதம் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களுக்குக் கடைகளில் திரவப் பசை கிடைக்கிறது. அதில் தங்கம் ஒட்டும், ஆனால் கண்ணாடி போன்ற மெருகு வராது. என்னைக் கேட்டால் அந்த ஒரு மாதம் காத்திருப்பதே மேல்.

பூசும் நாளில் ஒரு வில்லையை உடைத்து, சொட்டுச் சொட்டாக நீர் விட்டு ஊறவையுங்கள். வேகமாகக் கலக்கினால் குமிழி வரும், ஒவ்வொரு குமிழியும் தங்கத்தில் ஓட்டையாகும். கிராம்பு எண்ணெய் ஒரு துளி விட்டால் குமிழி அடங்கும். ஒளிவட்டம், தூதரின் இறகு நுனிகள், ஒளிக்கதிர், பெரிய முதலெழுத்து, சட்டத்தின் மெல்லிய பட்டை ஆகிய இடங்களில் சாந்தைத் தேங்கவிட்டு, நனைந்திருக்கும்போதே விளிம்புக்கு இழுத்துச் செல்லுங்கள். மேலே போய் மீண்டும் தடவாதீர்கள். ஓர் இரவு காயட்டும். மறுநாள் கத்தியின் விளிம்பால் மேல்பரப்பை மெல்லச் சுரண்டி வழவழப்பாக்குங்கள்.

இனி ரேக்கு. சாந்தில் உள்ள சர்க்கரை ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம்தான் பசை. காகிதத்தைக் குழலாகச் சுருட்டி, சாந்துக்கு நேராக வைத்து, ஆழமான சூடான மூச்சை எட்டுப் பத்து முறை விடுங்கள். உடனே ரேக்கை வைத்து, மேலே கிளாசின் தாளை வைத்து விரலால் அழுத்தி, தாளின் மேலிருந்தே மெருகுக்கல்லால் தேயுங்கள். மீண்டும் மூச்சு, மீண்டும் ரேக்கு. இரண்டாம் அடுக்கு முதலாவதோடு தானாகவே பிடித்துக்கொள்ளும். அரை மணி கழித்து, மென்மையான தூரிகையால் உதிரியைத் தள்ளி, கல்லால் நேரடியாக, முதலில் மெதுவாக, பிறகு அழுத்தி மெருகேற்றுங்கள். உதிர்ந்த தங்கத்தை வீசாதீர்கள், படி 8இல் வேண்டியிருக்கும்.

ஈரமான, காற்றில்லாத நேரம் இதற்கு ஏற்றது என்று சென்னினியும் சொல்கிறார். நம் ஊரில் அதிகாலை பொருத்தமான நேரம், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் சாந்து காயாமல் பிசுபிசுக்கும், அப்போது சர்க்கரையைக் கால் பங்கு குறைத்துக்கொள்ளலாம். ரேக்கு ஒட்டவில்லை என்றால் மூச்சு போதவில்லை. சாந்து வெடித்தால் சர்க்கரை குறைவு, அல்லது பூச்சு அதிக கனம். மெருகேற்றும்போது தங்கம் உரிந்து வந்தால் ஈரம் இன்னும் போகவில்லை, கல்லைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

ஒளிவட்டத்தின் உள்விளிம்பில் மழுங்கிய ஊசியால் புள்ளிகளை அழுத்துங்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்தால் அந்தக் குழிகளில் ஒளி ஒவ்வொன்றாக ஓடும். கையில் பிடித்த புத்தகம் அசைந்துகொண்டே இருக்கும் என்று தெரிந்துதான் இதைச் செய்தார்கள். முடிந்ததும் தங்கத்தைச் சுற்றிக் கருப்பு மையில் ஒரு நூல்கோடு.

படி 5: அடிவண்ணம்

வண்ணத்தைப் பிசின் நீரில் கலக்குவதும் உண்டு, முட்டை வெள்ளைக்கருவில் கலக்குவதும் உண்டு. வெள்ளைக்கருவை விறைப்பான நுரையாக அடித்து, ஓர் இரவு வைத்தால் அடியில் தெளிந்த நீர் இறங்கும், அதுதான் வேண்டியது. குவாஷ் வண்ணத்தில் பிசின் ஏற்கெனவே இருப்பதால் நீர் மட்டும் போதும்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே நடுத்தர நிறத்தைச் சீராக, மெல்லிய இரண்டு பூச்சாகப் போடுங்கள். மேலாடைக்கு வெள்ளை சேர்ந்த நீலம், தூதரின் மேலங்கிக்கு ரோஜா, தரைக்கு வெளிர்ப் பச்சை, மேசைக்கு மஞ்சள் காவி. கெட்டியாகப் பூசினால் பக்கம் மடங்கும்போது உதிரும். முகங்களையும் கைகளையும் தொடாமல் விட்டுவிடுங்கள்.

பின்னணிக்கு இரண்டு வழி. 14ஆம் நூற்றாண்டுப் பாணியில் நீலமும் சிவப்பும் தங்கமுமாகச் சிறு சதுரங்கள் நிரப்பலாம் (அந்தத் தங்கத்தையும் படி 4இலேயே வைத்துவிட வேண்டும்). அல்லது 1410 வாக்கில் பாரிசில் பூசிகோ ஓவியர் என்று அழைக்கப்படும் பெயர் தெரியாத ஓவியர் செய்ததுபோல மேலே அடர் நீலம், கீழே இறங்க இறங்க வெளிறும் வானத்தைச் சன்னல் வழியாகக் காட்டலாம். சதுரங்கள் நேரம் பிடிக்கும், ஆனால் தொடக்கக்காரர்களுக்கு அதுவே எளிது, கோடு நேராக இருந்தால் போதும்.

படி 6: உருட்டல்

துணியின் மடிப்பில் நிழலுக்கு அதே நிறத்தின் வெள்ளை கலவாத வடிவத்தையும், மேடுகளுக்கு வெள்ளை அதிகம் சேர்த்ததையும் பயன்படுத்துங்கள். கருப்பைக் கலந்து நிழல் போட்டால் நிறம் செத்துவிடும். நீலத்தின் ஆழ்ந்த மடிப்பில் கருஞ்சிவப்பு மெல்லிய பூச்சு கொடுங்கள். ரோஜா அங்கியின் நிழலுக்கு அதே கருஞ்சிவப்பு.

பூச்சாக இல்லாமல், தூரிகை நுனியால் மயிரிழைக் கோடுகளாக, மடிப்பு வளையும் திசையிலேயே போடுங்கள். ஒரு சாண் தூரத்தில் கோடுகள் சேர்ந்து உருட்டலாகத் தெரியும், கண்ணை அருகே கொண்டுபோனால் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். தூரிகையில் ஈரம் குறைவாக இருக்கட்டும், ஈரம் அதிகமானால் அடிவண்ணம் கரைந்து சேறாகும்.

படி 7: முகமும் கையும்

மற்ற வண்ணமெல்லாம் முடிந்தபின், அமைதியான ஒரு காலையில் முகத்தைத் தொடங்குங்கள். கண்ணும் கையும் அந்த அளவுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதால்தான் கடைசியில் வைக்கிறோம்.

இத்தாலியில் முகத்துக்கு அடியில் பச்சை மண்ணைப் பூசி, மேலே தசைநிறத்தை ஏற்றுவார்கள். நாம் பின்பற்றும் பிரெஞ்சு முறையில் அடிநிறம் வெளிறியது: வெள்ளையோடு மஞ்சள் காவி கொஞ்சம், சிவப்பு ஒரு பொட்டு. அது நன்றாகக் காய்ந்ததும், நீர்த்த சாம்பல் பழுப்பால் கண்குழி, மூக்கின் ஒரு பக்கம், கீழுதட்டின் அடி, தாடையின் கீழ் என மயிரிழைக் கோடுகள். கன்னத்தில் நீர்த்த ரோஜா, தொட்டதும் தெரியாதபடி. பிறகு நெற்றி, மூக்குத்தண்டு, மேலுதட்டின் மேல், முகவாய் ஆகிய இடங்களில் வெள்ளை.

கண்ணை முழுதாக வரைய வேண்டாம். மேல் இமைக்குப் பழுப்பில் ஒரு கோடு, கருவிழிக்கு ஒரு புள்ளி, கீழ் இமைக்குக் கோட்டின் நிழல் மட்டும். மரியாளின் பார்வை தாழ்ந்திருப்பதால் இமைதான் கண்ணைச் சொல்லும். உதட்டை இரண்டாகத் தீட்டாதீர்கள். உதடுகள் சேரும் கோடு ஒன்றே போதும், அதன் கீழே சிவப்புத் துளி. முகத்தைச் சுற்றிக் கருப்பில் கோடு போட்டால் அது பொம்மையாகிவிடும், பழுப்பு போதும்.

மரியாளின் கைகளுக்கு நேரம் கொடுங்கள். ஒரு கை புத்தகத்தின் மேல், இன்னொன்று மார்பருகே உயர்ந்து, உள்ளங்கை வெளியே தெரிய. திகைப்பும் சம்மதமும் இந்தக் கையில்தான் இருக்கின்றன. கை சரியாக வந்தால் முகத்தில் சிறு குறை இருந்தாலும் காட்சி நிற்கும்.

படி 8: தங்கக் கோடும் ஓரமும்

சேர்த்து வைத்த தங்க உதிரியைக் கொஞ்சம் தேனோடு பீங்கான் தட்டில் விரலால் நன்றாக அரைத்து, வெந்நீர் விட்டுத் தேனைக் கழுவி வடித்தால் தங்கத் தூள் அடியில் நிற்கும். துளி பிசின் நீர் சேர்த்தால் தூரிகையால் தொட்டுப் பூசும் தங்கம் தயார். அன்று அதைச் சிப்பி ஓட்டில் வைத்திருப்பார்கள். மேலாடையின் மேடுகளில், இறகின் நரம்புகளில், மேசையின் விளிம்பில் ஃபூக்கே போட்டதுபோல மெல்லிய கோடுகள் இழுங்கள். மெருகுத் தங்கம் பளிச்சென்று அடிக்கும், பூச்சுத் தங்கம் மென்மையாக ஒளிரும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும்போதுதான் ஒளிவட்டம் வேறு ஒளி, துணி வேறு ஒளி என்று பிரியும்.

ஓரத்துக்கு, மையில் மெல்லிய கொடி இழுத்து, சிறு தங்க இலைகளும் நீலச் சிவப்புப் பூக்களும் தூவினால் 15ஆம் நூற்றாண்டுத் தொடக்கப் பாணி கிடைக்கும். அந்த இலைகளுக்கான மெருகுத் தங்கத்தை படி 4இலேயே வைத்துவிட வேண்டும். கெண்ட், புரூஜ் நகரங்களில் 1475க்குப் பிறகு பரவிய பாணி வேறு. பூச்சுத் தங்கத் தரையின் மேல் உதிர்ந்து கிடப்பதுபோல் பூக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு நிழல். அழகுதான். ஆனால் இவ்வளவு சிறிய காட்சிக்கு அந்தப் பூக்கள் மிஞ்சிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. கொடி போதும்.

படி 9: உலரவைப்பதும் வைத்துக்கொள்வதும்

ஒரு வாரம் திறந்தபடி, தூசு படாத இடத்தில் உலரட்டும். வார்னிஷ் எதுவும் பூசாதீர்கள், தங்கத்தின் மெருகு மங்கும். சுருட்டவோ மடிக்கவோ கூடாது. கிளாசின் தாளை மேலே போட்டு, அமிலமில்லாத அட்டைகளுக்கு நடுவில் வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம். நேர் வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம், சப்பான் சிவப்பு போட்டிருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

விரலால் தங்கத்தைத் தொடாதீர்கள். பழைய புத்தகங்கள் சிலவற்றில், தொட்டும் முத்தமிட்டும் புனிதர்களின் முகம் தேய்ந்துபோயிருக்கிறது. அது அவற்றை வைத்து ஜெபித்தவர்களின் உரிமை. நீங்கள் யாருக்காவது ஜெபத்துக்கென்று செய்து கொடுத்தால், அவர்களும் அப்படித் தொடுவார்கள் என்று எண்ணி முகத்தில் வண்ணத்தை மெல்லியதாக, உறுதியாகப் போடுங்கள்.

பார்ச்மென்டில் செய்திருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. அது ஈரத்தை உறிஞ்சி நெளியும், வறட்சியில் சுருங்கும். அந்தக் காலப் புத்தகங்களுக்குப் பலகை அட்டையும் உலோகக் கொளுக்கியும் வைத்தது பக்கங்களை இறுக்கி நேராக வைத்திருக்கத்தான். தனிப் பக்கமாக வைத்திருப்பவர்கள் இரண்டு கனத்த அட்டைகளுக்கு நடுவில் வைத்து, ஓரங்களில் மட்டும் லேசான நாடா கட்டிவைக்கலாம். எடையை நேராகத் தங்கத்தின் மேல் ஏற்ற வேண்டாம்.